சனிக்கிழமை மதியம் இரண்டு மணி: ஓய்வு நேரத்தில் குடிமகன் ஆனவர்கள்

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, வாசிக்க ஏற்றபடி சுருக்கித் திருத்திய வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பிரீமியர் லீக் பார்க்கிறவங்களுக்கு முதல்ல ஒரு கேள்வி. இங்கிலாந்தில் கால்பந்து மேட்ச்சுக்குன்னு ஒரு பாரம்பரிய நேரம் உண்டு: சனிக்கிழமை மதியம் மூணு மணி. நமக்கு அது ராத்திரி ஏழரை, குளிர்காலத்துல எட்டரை. டிவி வந்த பிறகு நேரங்கள் சிதறிப் போயிடுச்சு. இருந்தாலும் இன்னைக்கும் கீழ் லீக்குகள்ல பெரும்பாலான ஆட்டம் அந்த மூணு மணிக்குத்தான் தொடங்குது. ஏன் சனி? ஏன் மூணு?

இதுக்குப் பதில் விளையாட்டுல இல்ல, ஒரு தொழிற்சாலைச் சட்டத்துல இருக்கு. அந்தச் சட்டத்தோட கதையைப் பிடிச்சுக்கிட்டே போனா, ஓட்டுரிமையில போய் முடியும். இந்த எபிசோட் அதைப் பத்திதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில், சொத்தும் இல்லாம ஓட்டும் இல்லாம இருந்த உழைக்கும் ஆண்கள் எப்படிக் குடிமகன் ஆனாங்க? பாராளுமன்றம், போராட்டம் எல்லாம் நாம பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு. இன்னைக்கு அவங்க வேலை முடிஞ்ச பிறகு என்ன செஞ்சாங்கன்னு பார்ப்போம்.

காலண்டரில் இல்லாத புனிதர்

தொழிற்சாலை வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் நெசவாளி, செருப்புத் தைப்பவர், கத்தி செய்பவர் எல்லாரும் பெரும்பாலும் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்தவர்கள். திருப்பூர்க்காரங்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். எத்தனை உருப்படி முடிக்கிறாயோ அதற்குத்தான் கூலி. எப்போது முடிக்கிறாய் என்பது உன் பாடு. அதனால் பலர் வியாழன், வெள்ளி ராத்திரி பகலாக வேலை பார்த்தார்கள். சனிக்கிழமை கூலி வாங்கினார்கள். ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமையும் பட்டறைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அதற்கு அவர்களே கிண்டலாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: செயின்ட் மண்டே. அதாவது புனிதர் திங்கள். சர்ச் அங்கீகரிக்காத புனிதர், ஆனால் பக்தர்கள் அதிகம்!

இதோடு ஊர்த் திருவிழாக்கள், சந்தைகள், தெரு முழுக்க இறங்கி ஆடும் பழைய கால்பந்து. ஊரில் பாதி ஒரு பக்கம், மீதி மறுபக்கம். எல்லைக்கோடு கிடையாது, ரெஃப்ரீ கிடையாது. நம்ம ஊர் மஞ்சுவிரட்டில் வாடிவாசல், தடுப்பு, நேர அட்டவணை எல்லாம் வருவதற்கு முந்தைய காலத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. கிட்டத்தட்ட அந்த மாதிரி.

பிறகு நீராவி இயந்திரம் வந்தது. இயந்திரம் புனிதர் திங்களைக் கொண்டாடாது. முதலாளி பணம் போட்ட கொதிகலன் எரிந்துகொண்டிருக்கும்போது ஆள் வரவில்லை என்றால் நஷ்டம். காலை மணி அடிக்கும்போது வாசலில் இல்லையென்றால் அபராதம். பஞ்சாலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று மணி நேர வேலை சாதாரணம்.

நேரத்தோடு சேர்த்து இடமும் போனது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட திருநாள்களுக்கு விடுமுறை விட்டுக்கொண்டிருந்தது. 1834-ல் அது வெறும் 4 ஆனது. 1835-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், பொதுச் சாலையில் போகிறவர்களுக்கு இடைஞ்சலாகக் கால்பந்து ஆடினால் 40 ஷில்லிங் வரை அபராதம் என்றது. பொது மேய்ச்சல் நிலங்கள் வேலி போட்டுத் தனியாருக்குப் போயின. டார்பி நகரத்தில் வருடா வருடம் நடந்த தெருக் கால்பந்தை நிறுத்த 1846-ல் படையையே இறக்கினார்கள். பந்தாட்டத்துக்கு எதிராகப் படை!

கூட்டத்தைக் கண்டால் பயம்

ஏன் இவ்வளவு பயம்? ஏனென்றால் அதே காலத்தில்தான் சார்ட்டிஸ்ட் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. 1838-ல் வெளியான மக்கள் சாசனம் ஆறு கோரிக்கைகளை வைத்தது. முதல் கோரிக்கை, 21 வயதான ஒவ்வொரு ஆணுக்கும் ஓட்டு. மற்றவற்றில் ரகசிய வாக்கெடுப்பும், எம்.பி. ஆவதற்குச் சொத்து இருக்க வேண்டும் என்ற விதியை நீக்குவதும், எம்.பி.க்களுக்குச் சம்பளமும் உண்டு. 1842-ல் அவர்கள் கொடுத்த மனுவில் 33 லட்சம் கையெழுத்து. பாராளுமன்றம் அதை ஏற்கவில்லை.

1848 ஏப்ரல் 10. லண்டனில் கென்னிங்டன் காமன் என்ற திறந்த மைதானத்தில் சார்ட்டிஸ்டுகள் பெரும் கூட்டம் கூட்டினார்கள். அரசாங்கம் நடுங்கியது. விக்டோரியா ராணியைக் குடும்பத்தோடு ஐல் ஆஃப் வைட் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். நகரம் முழுக்கத் தற்காலிகப் போலீஸ். ஊர்வலமாக ஆற்றைக் கடந்து பாராளுமன்றம் போகக் கூடாது என்று தடை போட்டார்கள். மனுவை மட்டும் குதிரை வண்டிகளில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தை ஒருவர் புகைப்படம் எடுத்திருக்கிறார். மக்கள் கூட்டத்தின் உலகின் மிகப் பழைய புகைப்படங்களில் அதுவும் ஒன்று. தேடிப் பாருங்க, தொப்பிகளாகவே தெரியும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விவரம். அந்த மைதானம் அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அதைச் சுற்றி வேலி அடைத்து, பூச்செடி வைத்து, நடைபாதை போட்டு, 1854-ல் கென்னிங்டன் பார்க் என்று திறந்தார்கள்.

பூங்கா நல்ல விஷயம்தான். புகை மண்டிய நகரத்தில் ஏழைகளுக்குக் காற்று வேண்டும் என்று உண்மையிலேயே கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். 1833-லேயே பாராளுமன்றக் குழு ஒன்று நகரங்களில் பொது நடைவெளி போதவில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தது. ஆனால் இந்தப் பூங்காக்களுக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. கூட்டமாகக் கூடி கோஷம் போடுகிற தொழிலாளி, மனைவி குழந்தையோடு சுத்தமான சட்டை போட்டு நடைபாதையில் நடக்கிற தொழிலாளியாக மாறுவான் என்பதுதான் அந்தக் கணக்கு. இந்த எண்ணத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு பெயரே இருந்தது. தமிழில் 'அறிவார்ந்த பொழுதுபோக்கு' என்று சொல்லலாம். சாராயக் கடைக்குப் பதில் நூலகம், சேவல் சண்டைக்குப் பதில் அருங்காட்சியகம், தெருக் கால்பந்துக்குப் பதில் சொற்பொழிவு.

இரண்டு மணிக்கு நின்ற இயந்திரம்

இப்போ நம்ம மூணு மணி மேட்ச்சுக்கு வருவோம். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1847-ல் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. பஞ்சாலைகளில் பெண்களும் சிறுவர்களும் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. முதலாளிகள் ஷிஃப்ட்டைப் பிரித்துப் போட்டு அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க 1850-ல் இன்னொரு சட்டம். வார நாள்களில் அரை மணி நேரம் கூட்டிக் கொடுத்தது. அதற்குப் பதில், சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் அவர்களிடம் வேலை வாங்கக் கூடாது என்றது.

கவனிச்சீங்களா? சட்டத்தில் ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பஞ்சாலையில் பாதிக்கு மேல் பெண்களும் சிறுவர்களும்தான். அவர்கள் கிளம்பிவிட்டால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் ஆண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வயது வந்த ஆண் சுதந்திரமானவன், தன் வேலை நேரத்தைத் தானே பேரம் பேசிக்கொள்வான், அவனுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவையில்லை என்பது அன்றைய பொருளாதாரக் கொள்கை. நிஜத்தில் அந்தச் 'சுதந்திரமான ஆண்' தன் சனிக்கிழமை மதியத்தைப் பெண்களின் பெயரில் வந்த சட்டத்தின் வழியாகத்தான் வாங்கினான். இந்தப் புள்ளியை நினைவில் வச்சுக்கோங்க. கடைசியில் இதுக்கு ஒரு பாக்கி இருக்கு.

மற்றத் தொழில்களுக்கு அரைநாள் விடுமுறை மெதுவாக, ஒவ்வொரு பட்டறையிலும் பேரம் பேசித்தான் வந்தது. பர்மிங்ஹாம் போன்ற ஊர்களில் அந்தப் பேரம் வெளிப்படையாகவே நடந்தது. உன் செயின்ட் மண்டேயை விட்டுவிடு, சனிக்கிழமை மதியம் தருகிறேன். தானாக எடுத்துக்கொண்ட ஓய்வு போய், சட்டமும் முதலாளியும் ஒப்புக்கொண்ட ஓய்வு வந்தது. இழப்பா, லாபமா? இரண்டும்தான். ஊருக்கே ஒரே நேரத்தில் லீவு கிடைத்ததால் எல்லாரும் ஒரே இடத்தில் கூட முடிந்தது. இரண்டு மணிக்கு வேலை முடித்து, முகம் கழுவி, சாப்பிட்டு, மைதானத்துக்கு நடந்தால் மூணு மணி.

பீர் வேண்டும் என்ற அரசியல்

நம்ம ஊர்ல 'குடிமகன்'னு சொன்னாலே டாஸ்மாக் ஜோக் ஒண்ணு பின்னாடியே வரும். பிரிட்டனில் அந்த இரண்டு அர்த்தமும் நிஜமாகவே ஒரே கட்டடத்தில் சந்தித்துக்கொண்டன. அந்தக் கட்டடத்துக்குப் பெயர் உழைக்கும் ஆண்கள் மன்றம், ஒர்க்கிங் மென்ஸ் கிளப்.

1862-ல் ஹென்றி சாலி என்ற பாதிரியார் இந்த மன்றங்களுக்கான ஒன்றியத்தைத் தொடங்கினார். யூனிடேரியன் பிரிவைச் சேர்ந்தவர், மதுவிலக்குக்காரர். நோக்கம் நல்ல நோக்கம். தொழிலாளி வேலை முடிந்து போக, கதகதப்பான ஒரு அறை, செய்தித்தாள், டீ, சொற்பொழிவு. மதுக்கடை பக்கம் போகக் கூடாது. பிரபுக்களும் முதலாளிகளும் நன்கொடை கொடுத்தார்கள், புரவலர் ஆனார்கள்.

பிரச்சினை என்னன்னா, பத்து மணி நேரம் இரும்பு அடித்துவிட்டு வருகிறவனுக்கு டீயும் சொற்பொழிவும் போதவில்லை. உறுப்பினர்கள் பீர் கேட்டார்கள். இதை வெறும் குடி ஆசை என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் அவர்கள் வைத்த வாதம் இது: லண்டனில் பிரபுக்களின் கிளப்புகளில் ஒயின் ஓடுகிறது. அவர்களுடைய நடத்தையைக் கண்காணிக்க யாரும் பாதிரியார் வைக்கவில்லை. எங்களை மட்டும் ஏன் குழந்தை மாதிரி நடத்துகிறீர்கள்?

சில வருடங்களிலேயே பீர் விஷயத்தில் ஒன்றியம் இறங்கி வந்தது. பீர் விற்ற லாபத்தில் மன்றங்கள் சொந்தக் காலில் நின்றன. சொந்தக் காலில் நின்றதும் புரவலர்களின் நன்கொடை தேவைப்படவில்லை. நன்கொடை தேவைப்படாதபோது புரவலர்களின் அறிவுரையும் தேவைப்படவில்லை. 1880-களில் ஒன்றியத்தின் நிர்வாகமே மன்றங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் கைக்கு வந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பீர் இல்ல, மினிட் புத்தகம். ஒவ்வொரு மன்றத்திலும் ஒரு கமிட்டி. கமிட்டிக்கு வருடா வருடம் தேர்தல். செயலாளர், பொருளாளர், சந்தா ரசீது, வரவுசெலவுத் தணிக்கை. யாரைச் சேர்ப்பது, சண்டை போட்டவரை எத்தனை மாதம் விலக்கி வைப்பது, பில்லியர்ட்ஸ் மேசைக்குத் துணி மாற்றுவதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் தீர்மானம், வழிமொழிதல், கை தூக்குதல். நாட்டின் தேர்தலில் ஓட்டு இல்லாத ஆள்கள் பலர் இங்கே ஓட்டுப் போட்டார்கள், தேர்தலில் நின்றார்கள், தோற்றார்கள், அடுத்த வருடம் மறுபடி நின்றார்கள். கணக்கில் உதைத்தால் பொருளாளரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். குடியாட்சி பற்றிப் பாடம் எடுக்க வந்தவர்கள் போன பிறகு, அவர்களே குடியாட்சியை நடத்திப் பழகினார்கள். தொழிற்சங்கம், கூட்டுறவுக் கடை, நலநிதிச் சங்கம் எல்லாவற்றிலும் இதே பழக்கம். ஒருத்தரே மூன்றிலும் கமிட்டியில் இருப்பார்.

விழுந்த கம்பி வேலி

சரி, ஓட்டு எப்போ வந்தது? 1860-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்த ஆண்கள் சுமார் 70 லட்சம். அதில் ஓட்டு இருந்தது சுமார் 10 லட்சம் பேருக்கு. சீர்திருத்தம் வேண்டும் என்று கேட்ட ரிஃபார்ம் லீக் 1866 ஜூலை 23 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் கூட்டம் என்று அறிவித்தது. அரசாங்கம் தடை விதித்து வாசல்களை மூடியது. லீக்கின் தலைவர் எட்மண்ட் பீல்ஸ் ஒரு வழக்கறிஞர். வாசலில் தடுக்கப்பட்டதும் சட்டப்படி நடந்துகொள்வோம் என்று டிரஃபால்கர் சதுக்கத்துக்குத் திரும்பினார். கூட்டத்தில் எல்லாரும் அவர் பின்னால் போகவில்லை. பலர் பூங்காவின் கம்பி வேலியைப் பிடித்து ஆட்டினார்கள். ஆடிய வேலி சாய்ந்தது. மக்கள் உள்ளே போனார்கள்.

அடுத்த வருடம் மே 6-ம் தேதி, மறுபடி தடை, மறுபடி கூட்டம். இந்த முறை போலீஸும் படையும் தயாராக இருந்தும் அரசாங்கம் தடுக்கவில்லை. தடை போட்ட உள்துறை அமைச்சர் வால்போல் பதவி விலகினார். 1872-ல் வந்த பூங்கா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஹைட் பார்க்கில் பேசுவதற்கென்று ஓர் இடம் ஏற்பாடானது. இன்றைக்கு லண்டன் போகிறவர்கள் செல்ஃபி எடுக்கிற ஸ்பீக்கர்ஸ் கார்னர் அதுதான். கென்னிங்டனில் மைதானம் பூங்கா ஆனது. ஹைட் பார்க்கில் பூங்கா மைதானம் ஆனது.

1867-ல் வந்த சீர்திருத்தச் சட்டம் ஓட்டாளர்களை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது. ஆனால் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். நகரத்தில் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு முழு வீட்டில் ஒரு வருடமாகக் குடியிருந்து வரி கட்டும் ஆணுக்கு. இல்லையென்றால் வருடத்துக்கு 10 பவுண்டு வாடகை கொடுக்கும் அறைவாசிக்கு. அதாவது ஓரிடத்தில் நிலையாக இருப்பவர், ஒழுங்காகப் பணம் கட்டுபவர், 'கண்ணியமான' தொழிலாளி. ஊர் ஊராக வேலை தேடிப் போகிறவருக்குக் கிடையாது. அப்போது நடந்த விவாதங்களில் ஓட்டுக்குத் தகுதியான தொழிலாளி யார் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அவன் சேமிக்கிறானா, படிக்கிறானா, குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறானா என்றெல்லாம் அளந்தார்கள். பணக்காரனின் ஓய்வு நேரத்தை இப்படி யாரும் அளக்கவில்லை. ஏழைக்கு மட்டும் அவன் சனிக்கிழமை சாயங்காலமே தகுதித் தேர்வு.

உடல் உழைப்பாளிக்கு அனுமதி இல்லை

இதே தேர்வு விளையாட்டிலும் நடந்தது. 1879-ல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் அமெச்சூர் யார் என்று விதி எழுதினார்கள். பணத்துக்காகப் போட்டி போட்டவர்கள் அமெச்சூர் இல்லை, அது புரிகிறது. அதோடு நிறுத்தவில்லை. கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், கூலியாள் யாருமே அமெச்சூர் இல்லை என்று எழுதினார்கள். படகு ஓட்டிக் காசு வாங்கியிருக்க வேண்டியதில்லை. கையால் உழைத்துச் சாப்பிட்டாலே போதும், வெளியே! நம்ம நாட்டுல இதைப் படிக்கிற யாருக்கும் இது எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருக்கும்.

கால்பந்தில் அந்த வாசல் 1883-ல் உடைந்தது. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஓல்ட் ஈட்டனியன்ஸ், நாட்டின் பிரதமர்களை உருவாக்கிய ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். மறுபக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக், லங்காஷயர் பஞ்சாலை ஊரிலிருந்து வந்த அணி. அதில் நெசவாளிகள், நூற்பாலைத் தொழிலாளி, குழாய் வேலை செய்பவர், இரும்பு வார்ப்பாலையில் வேலை செய்பவர் எல்லாம் இருந்தார்கள். உள்ளூர் வார்ப்பாலை முதலாளி ஒருவர் கொடுத்த பணத்தில் ஆட்டத்துக்கு முன்னால் பிளாக்பூல் கடற்கரையில் பயிற்சி முகாம் போட்டார்கள். அன்றைக்கு அது புதுமை. வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி செய்வது கனவானுக்கு அழகில்லை என்று முகம் சுளித்தார்கள். கனவான்களுக்கு விட்டு வருவதற்கு வேலை இருந்தால்தானே!

கூடுதல் நேரத்தில் ஜிம்மி காஸ்ட்லி என்ற நூற்பாலைத் தொழிலாளி அடித்த கோலில் பிளாக்பர்ன் 2-1 என்று ஜெயித்தது. அதன் பிறகு எந்தப் பழைய மாணவர் அணியும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. ஆட்டம் நடந்த இடம் கென்னிங்டன் ஓவல். சார்ட்டிஸ்டுகள் கூடிய அந்தப் பழைய மைதானத்திலிருந்து கொஞ்ச தூர நடை. நடுவில் 35 வருடம்.

1885-ல் கால்பந்து ஆடச் சம்பளம் வாங்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ரக்பியில் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை ஷிஃப்டை விட்டுவிட்டு ஆட வருகிற சுரங்கத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போகும். அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் கொடுங்கள் என்று வடக்கு இங்கிலாந்து அணிகள் கேட்டன. தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் 22 அணிகள் கூடித் தனியாகப் பிரிந்தன. இன்று ரக்பி யூனியன், ரக்பி லீக் என்று இரண்டு விளையாட்டுகள் இருப்பது இதனால்தான். அந்தப் பணத்துக்கு அவர்கள் வைத்த பெயரின் அர்த்தம் 'உடைந்த நேரம்'. நேரத்துக்கு விலை உண்டு என்று ஏழைக்குத்தான் தெரியும்.

கதவுக்கு இந்தப் பக்கம் வந்தவர்கள்

இங்கேயே முடிச்சிருந்தா இது ஒரு ஜாலியான ஜெயிச்ச கதை. ஆனா ஒரு பாக்கி இருக்குன்னு சொன்னேன்ல?

1850 சட்டப்படி சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடித்த பெண் எங்கே போனாள்? பெரும்பாலும் வீட்டுக்கு. துவைக்க, தேய்க்க, சமைக்க, கடைக்குப் போக. அவள் பெயரில் வாங்கிய மதியத்தில் அவன் மைதானத்துக்குப் போனான். அவன் சுத்தமான காலரோடு மன்றத்துக்குப் போய்க் 'கண்ணியமான தொழிலாளி' என்று பெயர் வாங்க, அந்தக் காலரைத் துவைத்தவள் வேறு ஆள்.

முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் பெண்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். மதிய இடைவேளையில் பந்தும் ஆடினார்கள். பிரெஸ்டனில் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி 1920 டிசம்பர் 26 அன்று குடிசன் பார்க்கில் ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். வசூலைக் காயம்பட்ட படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள். 1921-ல் கதவடைப்பில் பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளி குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடின. அதே 1921 டிசம்பர் 5 அன்று கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஏற்றதல்ல, நம் உறுப்பு மைதானங்களில் இடம் தரக் கூடாது என்றது. தடை விலக ஐம்பது வருடம் ஆனது.

மன்றங்கள்? அங்கேயும் அதே கதைதான். 1978-ல் வேக்ஃபீல்ட் நகரில் ஷீலா கேப்ஸ்டிக் என்ற பெண், பல வருடமாக ஸ்னூக்கர் ஆடிக்கொண்டிருந்த மன்றத்தில், இனிமேல் பெண்கள் ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 1975-லேயே பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்துவிட்டது. ஆனால் தனியார் கிளப்புகளுக்கு அதில் விலக்கு. அவர் விடவில்லை. போராட்டம் நாடு முழுக்கப் பரவியது. ஒன்றியம் பெண்களுக்குச் சம உறுப்புரிமை கொடுத்தது எப்போது தெரியுமா? 2007. ஐபோன் வந்த வருடம்!

எங்களை ஏன் குழந்தை மாதிரி நடத்துகிறீர்கள் என்று பிரபுக்களிடம் கேட்டு ஜெயித்தவர்களின் பேரன்கள், அதே கேள்வியை ஒரு பெண் கேட்டபோது பிரபுக்கள் மாதிரியே பதில் சொன்னார்கள். உள்ளே கமிட்டி, தேர்தல், தீர்மானம் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முறைப்படி ஓட்டெடுத்தே ஒருத்தரை வெளியே நிறுத்தலாம் என்பதையும் இந்த மன்றங்கள் நமக்குக் காட்டுகின்றன.

பெரம்பூரும் கடற்கரையும்

இந்தக் கதைக்கு நம்ம ஊரில் ஒரு கிளை உண்டு. அன்றைய மதராஸில் பிரிட்டிஷ் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. பெயரிலேயே தெரியும், பக்திச் சொற்பொழிவு நடத்துகிற சபை. ஆலைத் தொழிலாளிகள் வேலை முடிந்து அங்கே கதை கேட்க வருவார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அவர்களுடைய குறைகளையும் கேட்டார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் என்பது அவற்றில் ஒன்று. திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் வந்து சேர்ந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது அதுதான். புராணம் கேட்க வந்த இடத்தில் தொடங்கிய பேச்சு சங்கத்தில் முடிந்தது.

ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எங்கே? ஒரு கூட்டம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இன்னொன்று உயர் நீதிமன்றம் எதிரே உள்ள கடற்கரையில். காற்று வாங்கப் போகிற இடத்தில்தான்.

அங்கேயிருந்து சரியாக நூறு வருடம். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அறிவித்த இடம் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா. ஒரு காலத்தில் ஆங்கிலேய கவர்னர் பெயரில் நேப்பியர் பூங்காவாக இருந்த அதே இடம்.

நமக்கும் பிரிட்டனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே ஓய்வு நேரத்தைக் காட்டி, கண்ணியத்தை நிரூபித்து, துண்டு துண்டாக ஓட்டு வாங்கினார்கள். எல்லா ஆண்களுக்கும் 1918-ல், பெண்களுக்குச் சமமாக 1928-ல். இங்கே 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. எந்தத் தகுதித் தேர்வும் இல்லை. அது பெரிய விஷயம். ஆனால் ஓட்டு கையில் இருப்பவருக்கு நேரமும் கையில் இருக்கிறதா? ஸ்விக்கி, சொமேட்டோ டெலிவரி செய்கிறவர் உட்கார ஒரு இடம் இல்லாமல் மரத்தடியில் பைக் மேலேயே சாய்ந்திருக்கிறார். நம்ம ஐடி கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'சின்ன வேலைதான்'னு ஒரு மெசேஜ் வரும். சனிக்கிழமை லேப்டாப்போடு போகும். நாம அதைத் தனிப்பட்ட எரிச்சலா எடுத்துக்கிட்டு மீம் போட்டுட்டுத் தூங்கிடறோம். பிளாக்பர்ன் நெசவாளிக்கு அது பொது விவகாரமா இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தனக்கும் ஒரே நேரத்தில் லீவு இருந்தாத்தான் சங்கம், அணி, கூட்டம் எதுவுமே சாத்தியம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

உங்க ஏரியாவில் ஒரு கேரம் கிளப்பு, படிப்பகம், கிரிக்கெட் டீம், குடியிருப்போர் சங்கம் ஏதாவது இருக்கும். இந்த வாரம் அதைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. சந்தா யார் வசூலிக்கிறாங்க, கணக்கு யார் பார்க்கிறாங்க, முடிவு எப்படி எடுக்கிறாங்க? முக்கியமா, வாசலுக்கு வெளியே யார் நிக்கிறாங்க? கவனிச்சதை எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறோம். அதுவரைக்கும், சனிக்கிழமையை விட்டுக்கொடுக்காதீங்க.